வீட்டிலேயே முன் பேனலை வெட்டி மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

எண்ணூறு_தாம்பரம்

1997 மாடல் மாருதி 800. பானட், ஃபெண்டர், பம்பர் எல்லாம் 10 நம்பர் ஸ்பேனருக்கு வந்துவிடும், தலைவலி அதற்கு உள்ளே இருப்பதுதான் என்று உங்களுக்குத் தெரியும். ரேடியேட்டரைத் தாங்கும் முன் பேனலின் கீழ்ப்பகுதி துருவேறி அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, சக்கரத்துக்கு உள்பக்கச் சுவரான ஏப்ரன் முனையும் அப்படியே. பழைய பேனலைப் பிரிக்க நாற்பது ஸ்பாட் வெல்டுக்கு மேல் துளைத்தேன், மூன்று கட்டர் போயிற்று. புது பேனலை வைத்து வைஸ் கிரிப் குறடு போட்டுப் பூட்டி, இரண்டு பக்கத்துக்கும் நடுவே டேப் பிடித்தேன். பழைய பேனலில் எடுத்த அளவு அப்படியே இருந்தது. மீண்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வெல்டு அடித்தேன்.

இரவு ஒன்பது மணி. பானட்டை மாட்டி மெல்ல இறக்கினேன். லாக் கொக்கி ஓட்டைக்குள் போகாமல் பக்கத்துத் தகட்டில் போய் முட்டியது, ஒரு விரல் தள்ளி. இடது ஃபெண்டர் ஓரம் நகம்கூட நுழையாது, வலது ஓரத்தில் சுண்டுவிரலே போகிறது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, வண்டி வாயைக் கோணிக்கிட்டு சிரிக்குது" என்றாள். அவள் சிரித்துவிட்டுத் தூங்கப் போனாள். நான் பன்னிரண்டு மணி வரை பானட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதமாகிவிட்டது. பானட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அளவு சரியாக இருந்தும் எப்படி இப்படி ஆனது என்று இன்னும் புரியவில்லை.

பழைய_இரும்பு

எனக்கும் 800தான், வலது ஏப்ரன். ஒரே நாளில் முடித்தேன், ஹெட்லைட் மட்டும் கொஞ்சம் மரத்தைப் பார்க்கிறது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். பானட்டையும் இரண்டு ஃபெண்டரையும் மாட்டி, ஹெட்லைட்டையும் வைத்துப் பார்த்து, இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் டேக்கே (தற்காலிகப் பொட்டு வெல்டு) அடிக்க வேண்டும். கிளாம்ப் மட்டும் போதாது, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தகடு திருகு போட்டுப் பிடியுங்கள், சரியாக உட்காராவிட்டால் கழற்றி நகர்த்தலாம். வண்டி ஜாக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளக்காதீர்கள், சமமான தரையில் நிற்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் வயரையும் எடுத்துவிடுங்கள், அதற்குள் இருக்கும் டயோடு போனால் அந்தச் செலவு தனி. எர்த் கிளிப்பை வெல்டு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். மிக் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மின் வெல்டு) இல்லாமல் தொடாதீர்கள். 0.8 மி.மீ. கம்பி போதும், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. கேஸ் வெல்டு இந்தத் தகட்டுக்கு எமன். வரிசையாக அடித்துக்கொண்டே போகக் கூடாது, ஒரு மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, கை வைத்தால் சுடாத வரை காத்திருந்து அடுத்தது. கால்வனைஸ் தகடு என்றால் பூச்சைத் தேய்த்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து அடியுங்கள், அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும். இன்னொன்று, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் ஃபாஸ்ஜீன் வரும். அது விஷ வாயு. விளையாட்டில்லை.

டிங்கர்_வீட்டுப்_பிள்ளை

பழைய_இரும்பு அண்ணே, ஹெட்லைட் மரத்தைப் பார்க்கிற வண்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு பாடமா?

கேஸ் வெல்டு எமன் என்றீர்கள். எங்கள் அப்பா மதுரையில் முப்பது வருடம் கேஸில்தான் அடித்தார். தகடு உப்பினால் அந்த உப்பலின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவக்கக் காட்டி, அடியில் டோலி என்கிற இரும்புக் கட்டியைப் பிடித்து நாலு தட்டு தட்டி, ஈரத்துணியால் ஒற்றுவார். சுர்ரென்று ஒரு சத்தம், உப்பல் உள்ளே போய்விடும். சூடு தகட்டைக் கெடுக்கும், அதே சூடு திருத்தவும் செய்யும். மிக் சுலபம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிக் வெல்டு கெட்டி, பிறகு தட்டிச் சமன் செய்யப் பார்த்தால் படியாது. கேஸ் வெல்டு தட்டினால் படியும்.

தாம்பரத்து அண்ணே, உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு பத்மினி காரின் அடியில் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். முன் ரயிலின் (இன்ஜினுக்கு இரு பக்கமும் ஓடும் இரும்புச் சட்டம்) இரண்டு முனை, பின்னால் இரண்டு போல்ட், நாலிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறிக்கச் சொன்னார். வண்டியைத் தள்ளிவிட்டு, குறுக்காக மூலைக்கு மூலை இரண்டு நூல் பிடித்தோம். ஒரு நூல் மற்றதைவிடக் கட்டை விரல் அளவு நீளம். அப்பா ஒன்றும் பேசவில்லை, பேனலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஏன் போனார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த இரண்டு நூல்தான் ஞாபகம் வந்தது. அகலம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, குறுக்கையும் பாருங்கள்.

லண்டன்_மினி

என்னுடையது 1978 மினி கார். தம்பிமாரே, உங்களுக்கு ஃபெண்டர் போல்ட்டில் கழருது. இதில் விங் (உங்கள் ஃபெண்டர்தான்), முன் பேனல், கதவுக்கு முன்னால் இருக்கிற ஏ பேனல் எல்லாமே வெல்டு, மடிப்புத் தையல் வெளியிலேயே தெரியும். ஒரு விங் மாற்றத்தான் தொடங்கினேன். கழற்றி உள்ளே வடிவாகப் பார்த்தால் ஏ பேனலுக்குப் பின்னால் ஆரோ பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். தாளை இழுத்தேன். உதைபந்தாட்ட முடிவுகள் இருந்த பக்கம், வாசிக்கக்கூட முடிந்தது. காரின் பாதிப் பலம் அந்தத் தாளில்தான் நின்றிருக்கிறது.

விங்கில் ஒரு பாடம். முதலில் மலிவான நகல் ஒன்று வாங்கினேன், ஹெட்லைட் வளையம் முட்டை வடிவில் இருந்தது. பிறகு இங்கிலாந்தில் விட்னி என்கிற ஊரில் பழைய அச்சிலேயே அடிக்கிற பேனல் எடுத்தேன். காசு கூட, ஆனால் வந்து உட்கார்ந்தது. டிங்கர் வீட்டுத் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: கழற்றுகிறதற்கு முன்னமே அளந்து எழுதி வையுங்கோ. கழற்றினால் பிறகு எதை நம்புறது?

மொட்டைமாடி_கராஜ்

பேட்டரி கழற்று, எர்த் மாட்டு என்று எல்லாம் சொன்னீர்கள், உள்ளே பார் என்று யாரும் சொல்லவில்லையே? இன்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வாலில் ஏப்ரன் சேரும் இடத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டுக்குள் வேறு ஒரு வாசனை, தார் காய்ச்சுகிற மாதிரி. தூக்கிப் பார்த்தால் டேஷ்போர்டின் காற்றுத் துவாரத்திலிருந்து கரும்புகை. ஃபயர்வாலின் அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கிற தார் அட்டை எரிகிறது. கையில் கிடைத்தது செடிக்கு ஊற்றும் பூவாளி. அதன் வாயிலிருந்து மெல்லிசாக, நிதானமாக, ரோஜாவுக்கு ஊற்றுவதுபோலத் தண்ணீர் வந்தது. அந்த நிதானத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அணைந்தது. வயரிங் பாதி போயிற்று.

துருப் பிடிக்காமல் இருக்கப் பூசும் சிங்க் ப்ரைமர் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு தகடு ஒட்டும் முகத்தில் பூசுங்கள், வெல்டு விழும் துளையில் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

பழைய_இரும்பு

துளையில் சுரண்ட வேண்டாம், வெல்டு த்ரூ, அதாவது மேலேயே வெல்டு அடிக்கலாம் என்றுதானே பேர்.

மொட்டைமாடி_கராஜ்

பேர் அப்படித்தான். அடித்துப் பாருங்கள், பொரி பொரியாகத் தெறிக்கும்.

டிங்கர்_வீட்டுப்_பிள்ளை

ஹெட்லைட்டை நேராக்கினீர்களா அண்ணே?

எண்ணூறு_தாம்பரம்

நேற்று ஞாயிறு. நூலும் குண்டும் வைத்துப் பார்த்தேன். அகலம் முன்னும் பின்னும் சரி. குறுக்கு மட்டும் 11 மி.மீ. வித்தியாசம். இரண்டு ரயில் முனையும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன, அதனால்தான் டேப்பில் அகலம் மாறவே இல்லை.

நான் வெல்டு அடித்ததால் இழுத்திருக்குமோ என்று சந்தேகம். மொட்டை மாடியில் கிடந்த பழைய பேனலைத் தேடி எடுத்தேன். பானட் லாக் மாட்டும் இரண்டு துளையும் வட்டமாக இல்லை. அரத்தால் ஒரே பக்கமாகத் தேய்த்து நீட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒரு விரல் அளவுக்கு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கோ மோதி, யாரோ ஒரு டிங்கர் ரயிலை இழுக்காமல் லாக்கை நகர்த்திக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வருடமாக அந்தப் பானட்டை நான் தினமும் மூடியிருக்கிறேன்.

மகளைக் கூப்பிட்டுத் துளையைக் காட்டினேன். "அப்போ முன்னாடியும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சா?" என்றாள்.

ரயிலை இழுக்க வேண்டும், அதற்கு முன் நான் துளையை நிரப்பி அடித்த பிளக் வெல்டு அத்தனையும் மறுபடி துளைக்க வேண்டும். உடையாத 8 மி.மீ. கட்டர் யாராவது வைத்திருக்கிறீர்களா?