பழைய ராணுவக் காம்பஸ்: எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

சிராங்கூன்_பழசு:
பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரிசக் காம்பஸ், டி.ஜி. கம்பெனி லண்டன் செய்தது, மார்க் 3 வகை. கறுப்புப் பூச்சு பாதி போய்ப் பித்தளை தெரிகிறது. கட்டைவிரல் வளையம் முழுசாக இருக்கிறது, மூடிக் கண்ணாடியில் நடுக்கோடு தெளிவு. விற்றவர் 450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொன்னார். "தாத்தா 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனிடம் சரணடைந்த அன்றைக்கு ரோட்டோரத்தில் எடுத்தது" என்றார். அடிப்பக்கத்தைத் திருப்பினால் 1943 என்று பொறித்திருக்கிறது. சரணடைந்த பிறகு செய்த பொருள், சரணடைந்த நாளில் எப்படிக் கிடைத்திருக்கும்?

ஆனால் பொருள் அசல்தான். கடைசியில் 280 கொடுத்து வாங்கியாயிற்று. கதையைக் கழித்தாகிவிட்டது, மிச்சத்துக்கு 280 நியாயமா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிடோக்_கரை:
அந்த விலை ஆண்டில் இல்லை, உள்ளே சுழலும் வட்டத்தட்டில் இருக்கிறது. அதைச் சோதித்தீர்களா?

ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவர் போதும். தட்டு நின்றதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கிட்டே கொண்டுபோய் 30 டிகிரி இடப்பக்கம் இழுத்து, சட்டென்று எடுத்துவிடுங்கள். எங்கே வந்து நிற்கிறது? அடுத்து வலப்பக்கம் இழுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் என்றால் தட்டைத் தாங்கும் ஊசிமுனை நன்றாக இருக்கிறது. 3 டிகிரி என்றால் முனை மழுங்கியிருக்கிறது, அல்லது அதன்மேல் உட்காரும் தட்டின் நடுக்கல் கீறியிருக்கிறது. அப்போது விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சரியான இடத்துக்கு வந்தால் உராய்வுதான் காரணம். தட்டாமலே சரியான இடத்துக்கு வருகிறது, ஆனால் சோம்பலாக வருகிறது என்றால் காந்தம் தளர்ந்துவிட்டது. சின்ன நியோடிமியம் காந்தத்தை வைத்து இதைச் செய்யாதீர்கள், தட்டின் காந்தமே கெட்டுப்போகும்.

அடுக்குமாடிப் புளோக்கின் கீழே நின்றும் சோதிக்காதீர்கள். தூணுக்குள் முழுக்க இரும்புக் கம்பி. கடற்கரைப் புல்வெளிக்குப் போங்கள். பழைய ராணுவக் கையேடுகள் உயர் அழுத்த மின்கம்பிக்கு 55 மீட்டர், லாரிக்கு 18 மீட்டர், முள்வேலிக்கு 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கின்றன. தோளில் இருக்கும் ரைஃபிளுக்கே அரை மீட்டர். கைப்பேசி உறையில் காந்தம் இருந்தால் அதையும் பையோடு தூர வைத்துவிடுங்கள்.

தோபாயோ_மேசை:
ஒருமுறை இன்னொரு காம்பஸுக்கு, தட்டு சாய்ந்திருக்கிறது, முனை வளைந்துபோச்சு என்று சொல்லிப் பாதி விலைக்கு அடித்துப் பேசினார் ஒருவர். விற்கும் பெரியவரும் தலையாட்டிக் கொடுத்துவிட்டார். முனை வளையவே இல்லை. அந்தப் பெரியவர் முகம்தான் மறக்கவில்லை.

இங்கிலாந்தில் காந்தப்புலம் 65 டிகிரிக்கு மேல் தரைக்குள் இறங்குகிறது, தட்டுக் காந்தத்தின் வடமுனையைக் கீழே இழுக்கும். அந்த ஊருக்கென்று சமன் செய்த தட்டில் தென்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும். சிங்கப்பூரில் நிலைமை வேறு. இறக்கம் சுமார் 15 டிகிரி, அதுவும் எதிர்த்திசையில். அதனால் தென்பக்கம் தாழ்கிறது. வடக்கே நோக்கிப் பிடித்தால், கண் வைத்து எண்ணைப் படிக்கும் கண்ணாடிப் பட்டகமான பிரிசத்துக்குக் கீழே வருவது அந்தத் தென்பக்க எண்கள்தான், அவை மங்கலாகத் தெரியும்.

பிரித்தறிவது சுலபம். காம்பஸை மட்டமாக வைத்து மெல்ல ஒரு முழுச்சுற்று திருப்புங்கள். தாழ்ந்த இடம் எப்போதும் தட்டின் தெற்கிலேயே நின்றால் அது ஊரின் குணம், காசு குறைக்க வேண்டியதில்லை. தாழ்ந்த இடம் பெட்டியோடு சேர்ந்து சுற்றினால்தான் முனையில் கோளாறு.

லென்ஸ்10:
சிராங்கூன் அண்ணே, "பொருள் அசல்தான்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஆண்டு பொறித்திருந்தால் போதாது. பழைய பெயர்களைப் பொறித்த புதுப் பித்தளைக் காம்பஸ்கள் வடஇந்தியாவிலிருந்து ஏராளமாக வருகின்றன. 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பாருங்கள். அச்சு அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் ஒதுங்கி மேடாக இருக்கும். லேசர் எழுத்தில் அந்த மேடு கிடையாது, அடிப்பக்கம் ஒரே சீராகக் கறுத்திருக்கும். திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு இருக்கவேண்டும். கூட்டல்குறி தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

தட்டையும் சாய்த்துப் பாருங்கள். முத்துச்சிப்பி என்றால் பச்சையும் ரோஜாநிறமும் மாறிமாறி ஓடும், அச்சிட்ட தட்டில் ஓடாது. வெளிவட்ட எண்கள் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டிருக்கவேண்டும், பிரிசத்தில் பார்க்கும்போதுதான் நேராகும்.

விரிந்த அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் முத்திரை. அது இரண்டு, நுனியோடு நுனி முட்டி நின்றால் பயப்படாதீர்கள். ராணுவம் முறையாகக் கழித்து விற்றது என்று அர்த்தம். அதற்காக விலையைக் குறைப்பது தவறு.

சிராங்கூன்_பழசு:
முத்துச்சிப்பிதான், நிறம் ஓடுகிறது. திருகாணியில் ஒற்றைக் கோடு. உள்ளே ஒரு குமிழி இருக்கிறது, பச்சைப்பயறு அளவு.

புளோக்_கீழ்வீடு:
குமிழி என்றதும் யாரும் கேட்காமலே சொல்லவேண்டியிருக்கிறது. தயவுசெய்து திறக்காதீர்கள்.

மார்க் 3 திரவம் நிரப்பிய வகை. தட்டு சில விநாடிகளில் நிற்பதற்கு அதுதான் காரணம். முதல் உலகப் போர்க்கால வெர்னர் வகை உலர்ந்தது, நிறுத்தப் பொத்தானை அழுத்தித் தணிக்கவேண்டும். இரண்டையும் ஒரே விலைத்தட்டில் வைக்கக்கூடாது. அடைப்பு வளையம் காய்ந்து திரவம் கசிந்தால்தான் குமிழி வளரும். பயறு அளவு என்றால் நடுவிலேயே மிதக்கும், வாசிப்பைக் கெடுக்காது. எண்கள் இருக்கும் ஓரம்வரை வந்துவிட்டால் பிரிசத்தில் பாதி எண் மறையும். விளிம்பைத் திசுத்தாளால் சுற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டிருந்தால் இன்னும் கசிகிறது, அடுத்த வருஷம் இந்த விலை நிற்காது.

திரவத்தை நாமே நிரப்பலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. சிலவற்றில் சாராயம் கலந்த நீர், சிலவற்றில் மண்ணெண்ணெய் வகை. மாற்றி ஊற்றினால் தட்டின் எழுத்தே கரைந்து மிதக்கும். அதைவிடப் பெரிய காரணம் ரேடியம். அந்தக் காலத்து ஒளிப்பூச்சு அதுதான். ரேடியம் 226 பாதியாக 1600 ஆண்டு ஆகும், ஆனால் கூட இருக்கும் ஒளிரும் உப்பு எப்போதோ செத்துவிட்டது. அதனால்தான் இருட்டில் ஒளிராது, பழுப்பாக நிற்கும். பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள். அதற்கு விலை ஏறாது, இறங்கும். சுரண்டாதீர்கள், உதிர்ந்த தூளை ஊதாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள், படுக்கையறை இழுப்பறையில் வைக்காதீர்கள்.

கடைசியாகப் பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்தில் பிரிசத்துக்குள் சிலந்திவலைபோல் படரும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தெரியும். கண்ணாடியையே அரித்திருந்தால் துடைத்தாலும் போகாது. வாங்கியதும் டிரை பாக்ஸில் (ஈரம் நீக்கும் பெட்டியில்) 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள்.

பிடோக்_கரை:
கீழ்வீடு, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அண்ணன் கேட்டது விலை. குறையில்லாத ஒன்றை 100 என்று வைப்போம். நடுவில் நிற்கும் குமிழிக்கு 10 கழியுங்கள். எண்ணை மறைக்கும் குமிழிக்கு 40. பிரிசப் பூஞ்சைக்கு 20. மூடிக் கண்ணாடி விரிசலுக்கு 15. ஊசிமுனை ஒட்டினால் 50.

லென்ஸ்10:
அப்படிக் கூட்டிக் கழிக்க முடியாது. முனை ஒட்டி, குமிழியும் எண்ணை மறைத்தால் உங்கள் கணக்கில் 10 மிஞ்சும். உண்மையில் நல்ல மூடி, பிரிசம், வளையம் மூன்றும் உதிரியாகவே அதைவிட அதிகம் போகும், உடைந்த இன்னொன்றைச் சேர்க்கத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றா என்று பார்த்து விலை வைப்பார்கள். காம்பஸில் அவ்வளவு கறார் வேண்டாம், ஆனால் மூடியின் கறுப்பும் அடிப்பெட்டியின் கறுப்பும் ஒரே தேய்மானமா என்று பார்க்கலாம். மூடி புதுசாக மின்னி, அடி தேய்ந்திருந்தால் இரண்டு காம்பஸ் ஒன்றாகியிருக்கிறது.

தோபாயோ_மேசை:
காம்பஸ் வைக்கும் பை இருந்ததா? 1937 மாதிரி ராணுவத் துணிப்பை, உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தது. தயாரித்தவர் முத்திரை படிக்க முடிந்தால் அதற்குத் தனி விலை பேசவேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொருள், காப்பீடு, அனுப்புச் செலவு மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி. "350க்கு முடிந்தது" என்று நினைத்தவர் அனுப்புச் செலவு 60 சேர்த்ததும் மாட்டிக்கொள்வார். ரேடியம் உள்ளதை அஞ்சலில் போடலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிராங்கூன்_பழசு:
பை இல்லை. ஸ்க்ரூடிரைவர் சோதனை இன்று காலை ஈஸ்ட் கோஸ்ட் புல்வெளியில் செய்தாயிற்று. இடப்பக்கம் இழுத்துவிட்டால் 112, வலப்பக்கம் 113. ஒரு மரத்திலிருந்து 120 மீட்டர் தள்ளியிருந்த குப்பைத் தொட்டிக்கு 64, அங்கிருந்து திரும்பி மரத்துக்கு 244; வித்தியாசம் சரியாக 180. பிரிசத்தில் பூஞ்சை இல்லை. திசுத்தாள் இன்று ராத்திரி.

லென்ஸ்10:
குப்பைத் தொட்டி இரும்பா பிளாஸ்டிக்கா? இரும்பென்றால் நாளைக்கு வேறொரு மரத்தை வைத்து இன்னொரு தடவை பாருங்கள். திசுத்தாளும் உலர்ந்திருந்தால் 280 சரியான விலை.