முன்பள்ளி வட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் கிளினிக் கொப்பி: யாரிடம் முறையிடுவது?

கோண்டாவில் அம்மா:

எனது மகளுக்கு நான்கு வயது. அவள் போகும் முன்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுகாதாரக் கோவை தயாரிக்கப்போவதாகச் சொல்லி, சுகாதார விருத்திப் பதிவேட்டை, அதாவது நாங்கள் கிளினிக் கொப்பி என்று சொல்வதை, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போடும்படி கேட்டார்கள். அடுப்படியில் நின்றபடியே, அதிகம் யோசியாமல், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை 11 படங்கள் அனுப்பிவிட்டேன். அந்தக் குழுவில் இப்போதைய பெற்றோர் மட்டுமன்றி, பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வான் சாரதியும், போன வருடம் தங்கள் பிள்ளைகளை முன்பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்ட பெற்றோர் சிலரும் இன்னும் இருக்கிறார்கள் என்பது அந்த நேரம் எனது நினைவுக்கு வரவில்லை.

மகள் குறைமாதத்தில் 1.6 கிலோகிராம் நிறையுடன் பிறந்தவள். அது முதற்பக்கங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு கிழமை கழித்துக் கோயில் வீதியில் ஒரு பெண், மகளை வைத்துக்கொண்டே, "இவதானே அந்தக் குறைமாசப் பிள்ளை, இப்ப மூளையெல்லாம் சரியோ?" என்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் என்னிடம், "அம்மா, என்ர மூளைக்கு என்ன?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

முன்பள்ளி இதையெல்லாம் கேட்கலாமா, கேட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டும், போட்ட படங்களை எப்படி நீக்குவது, சுகாதாரத் திணைக்களத்தில் எங்கள் பிள்ளைகளின் விபரங்கள் எப்படிப் பேணப்படுகின்றன என்பவற்றை அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்:

தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: குறைமாதத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை நான் வீடு வீடாகப் போய் நிறுத்துப் பார்த்து, அவர்கள் பாடசாலை போவதையும் பல்கலைக்கழகம் போவதையும் கண்டிருக்கிறேன். மகளுக்கு அதை நேராகவே சொல்லுங்கள். மறைத்தால் அது ஒரு குறை என்று அவள் நினைத்துவிடுவாள்.

அந்தக் கொப்பி தாயின் கையில் இருப்பது காரணத்தோடுதான். பிள்ளை எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், எந்த வைத்தியரைக் கண்டாலும், அவருக்குத் தேவையானது தாயோடு சேர்ந்தே வரவேண்டும் என்பதற்காகவே அதில் பிறப்பு நிறை, தலைச்சுற்றளவு, தடுப்பூசித் திகதிகள், வளர்ச்சிக்கோடு எல்லாம் ஒரே இடத்தில் எழுதப்படுகின்றன. பிள்ளைக்கு விசேட கவனிப்பு ஏன் தேவை என்று குறிக்கும் பகுதியும் அதிலேயே இருக்கிறது. குடும்பத்துக்குள் நடந்த கஷ்டங்கள் சிலவேளை அந்த இடத்தில் ஒரு சிறு அடையாளமாக நிற்கும். ஆகவே அது சிகிச்சை தருபவருக்கு எழுதப்பட்ட கொப்பி. மற்றவர்கள் வாசிப்பதற்காக அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

எங்களிடம் இருந்த பதிவேடுகளில் பெயரும் முகவரியும் இருக்கும். அவற்றை அலுமாரியில் பூட்டி வைப்போம். மேலிடத்துக்கு அறிக்கை போகும்போது இந்தப் பிரிவில் இத்தனை பிறப்பு, இத்தனை பிள்ளைகளுக்கு நிறை குறைவு என்று எண்ணிக்கை மட்டுமே போகும். தொற்று நோய் வேறு விதம்: டெங்கு என்றால் வைத்தியசாலையில் இருந்து பெயர் முகவரியோடு சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வந்துதான் ஆகவேண்டும், ஏனென்றால் பொதுச் சுகாதார பரிசோதகர் அந்த வளவுக்குப் போய் நுளம்பு பெருகும் இடத்தைத் தேட வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டாருக்கு அவர் சொல்லவேண்டியது வளவைத் துப்புரவாக்குங்கள் என்பதை மட்டுமே. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை அல்ல.

எங்கள் பக்கத்திலும் பிழை இருந்தது. கிளினிக்கில் ஒருவர் தராசடியில் நின்று நிறையை உரத்துச் சொல்ல, மேசையில் இருப்பவர் எழுதுவார். வாங்கில் இருக்கும் முப்பது தாய்மாருக்கும் அது கேட்கும். ஒரு நாள் ஒரு இளம் தாய், தனது பிள்ளையின் நிறை சொல்லப்பட்டதும், பிள்ளையைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெளியே போனார். அடுத்த இரண்டு கிளினிக்குகளுக்கும் அவர் வரவில்லை. அதன்பிறகு நான் நிறையைச் சிறு துண்டில் எழுதித் தாயின் கையிலேயே கொடுத்து மேசைக்கு அனுப்பத் தொடங்கினேன். நேரம் கொஞ்சம் கூடத்தான் எடுத்தது.

முன்பள்ளிக்குத் தேவை தடுப்பூசிப் பக்கமும், ஒவ்வாமை, வலிப்பு, இழுப்பு, ஒழுங்காகக் குடிக்கும் மருந்து பற்றிய விபரமும், அவசரத்துக்கு அழைக்கும் தொலைபேசி இலக்கமும்தான். கொப்பியை நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவாருங்கள்.

மானிப்பாய் அப்பா:

நடந்தது பிழைதான், ஆனால் அந்த ஆசிரியையின் மீது உடனே முறைப்பாடு எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் முன்பள்ளி ஆசிரியைகள் மிகச் சிறிய கொடுப்பனவுக்கு வேலை செய்கிறார்கள்; தனியாக ஒரு கணினியோ கோவை அலுமாரியோ அவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை. கையில் இருக்கும் கைத்தொலைபேசிதான் அவர்களின் அலுவலகம். முதலில் நேரில் பேசுங்கள்.

யாழ். சட்டத்தரணி:

நேரில் பேசுவதை நானும் ஆதரிக்கிறேன், ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவையும் பிள்ளை ஒன்றைப் பற்றிய தரவையும் விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. அந்தச் சட்டத்தில் பிள்ளை என்பது 16 வயதுக்குக் குறைந்தவர். சம்மதத்தின் பேரில் பெறப்படுவதாயின் பெற்றோர் அல்லது சட்டப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். குறித்த ஒரு நோக்கத்துக்காகப் பெறப்படும் தரவு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மிஞ்சக்கூடாது என்பதும் அதன் அடிப்படை விதி. உங்கள் விடயத்தில் நின்று பார்த்தால், தடுப்பூசி பூர்த்தியா என்று அறிவதற்குப் பிறப்பு நிறையும் பிரசவ விபரமும் தேவையில்லை. ஆனால் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த இதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டு, அதே ஆண்டில் ஒரு திருத்தச் சட்டமும் வந்தது. தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். குழுவில் இருக்கும் இன்னொரு தாயின் கைத்தொலைபேசியை இதைக் கொண்டு மட்டும் எட்டுவது கடினம்.

ஏற்கெனவே கையில் இருப்பவையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாராவது வைத்தியசாலைக்கு விண்ணப்பித்தாலும், உரியவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மருத்துவப் பதிவுகளைப் பொதுவாகக் கொடுக்க முடியாது. பாலியல் குற்றத்துக்கு உள்ளான பிள்ளையின் அடையாளத்தைப் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி குற்றம். வைத்தியசாலை வாசலில் படமெடுத்து இணையத்தில் ஏற்றுபவர்கள் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை பிள்ளைக்கே அந்தரங்கத்துக்கான உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை பெற்றோரான எங்களுக்கு எதிராகவும் நிற்கும்.

வடமராட்சித் தந்தை:

கடைசி வசனத்தை வாசித்தபின் எனது கதையையும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

எனது மகனுக்கு மூன்று வயதில் இருதயச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. கொழும்பில் தங்குவதற்கும் வெளியில் எடுக்கச் சொன்ன பரிசோதனைகளுக்கும் கையில் காசில்லை. உதவி கோரும் முகநூல் பக்கம் ஒன்றில், நெஞ்சில் குழாய்களோடு அவன் படுத்திருக்கும் படத்தையும், பெயர், விலாசம், நோய் எல்லாம் எழுதியிருந்த வைத்தியசாலை அட்டையையும், எனது வங்கிக் கணக்கு இலக்கத்தையும் போட்டோம். கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் முகம் தெரியாத உறவுகள் அனுப்பிய பணத்தில்தான் எனது பிள்ளை பிழைத்தான். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இன்று அவனுக்கு 12 வயது. போன வருடம் யாரோ அதே படத்தை எடுத்து, கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி, மறுபடியும் உதவி கேட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி அவனது வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கிணற்றடியில் அவன் சட்டையைக் கழற்றிக் குளிப்பதில்லை. ஈரச் சட்டையோடு வீட்டுக்குள் ஓடுகிறான். நான் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், முகநூலுக்கும் அறிவித்தேன். ஓரிடத்தில் நீக்கினால் இன்னோரிடத்தில் வருகிறது.

இப்போது யாராவது உதவி கேட்டு எழுத என்னிடம் வந்தால், அட்டையைப் பொதுவில் போடவேண்டாம், ஊரில் எல்லோரும் நம்பும் ஒருவர் அதைப் பார்த்து உறுதிசெய்து எழுதட்டும், முகமும் பெயரும் இல்லாமலே கேளுங்கள் என்கிறேன். முகம் இல்லாவிட்டால் காசு குறைவாகத்தான் வரும் என்று சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை, ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

லண்டன் தாதி:

அண்ணா, உங்கள் மகன் கேட்காமலே கேட்டுக்கொண்டிருப்பதை இங்கே சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1985 இல், அப்போது இங்கு கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழங்கிய கில்லிக் தீர்ப்புக்குப் பின்னர், விடயத்தை முழுமையாக விளங்கிக்கொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை 16 வயதுக்குக் குறைந்திருந்தாலும் தன் சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை வைத்தியரிடம் தனியாகச் சொன்னதை, பிள்ளைக்கு ஆபத்து என்ற நிலை இல்லாவிட்டால், தாய்க்கும் சொல்லமாட்டோம். இங்கு பிள்ளைகளின் வைத்தியசாலைப் பதிவுகளைப் பொதுவாக 25 ஆவது பிறந்தநாள் வரை வைத்திருப்பார்கள். கணினியில் ஒரு பிள்ளையின் கோவையைத் திறந்தால் யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்ற தடயம் பதிவாகும். சிகிச்சையில் சம்பந்தப்படாதவர் உறவினரின் பிள்ளையாயிற்றே என்று பார்த்தாலும் வேலை போகலாம். எங்கள் ஊரிலும் கடதாசி கணினியாக மாறும்போது முதல் நாளிலேயே இதைக் கேட்டு வாங்கவேண்டும். மகனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா, அண்ணா? கேளுங்கள்.

கோண்டாவில் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியையிடம் நேரில் போய்ப் பேசினேன், அவர் அழுதுவிட்டார். தன் கைத்தொலைபேசியில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் கொப்பிப் படங்களையும் எனக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தார். ஆனால் அவர் தன்னிடத்தில் அழித்தாலும், குழுவில் உள்ள மற்றவர்களின் கைத்தொலைபேசிகளில் அவை இருக்கும் என்று எனது தம்பி சொன்னான். ஆகவே எல்லோரும் தங்கள் பக்கத்திலும் அழிக்கும்படி ஒரு குரற்பதிவு போட்டோம். பதினான்கு பேர் அழித்துவிட்டோம் என்று பதில் போட்டார்கள். மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற அக்கா சொன்ன விபரங்களை மட்டும் கேட்கும் ஒரு பக்கப் படிவம் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். வரும் வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். படிவத்தை யார் வைத்திருப்பார், பிள்ளை முன்பள்ளியை விட்டுப் போனதும் அதை என்ன செய்வது என்ற இரண்டு வரிகளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சட்டத்தரணி ஐயா, புதன்கிழமைக்கு முன் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?