'முத்தரப்புக் கலந்தாய்வு' பொருந்துமா? 'முத்தரப்பு உசாவல்' என்று ஒரு முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ILO) உடன்படிக்கையை மொழிபெயர்க்கும் நம் குழுவில், 'tripartite consultation' என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்று நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> 'முத்தரப்புக் கலந்தாய்வு' எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

குழுவில் ஐயா ஒருவர் கேட்ட இது நியாயமான கேள்வி. 'முத்தரப்பு' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் ஆலை வாயிற்கூட்டம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அரசு, முதலாளி, தொழிலாளி என்ற மூன்று தரப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிக்கல் பின்பாதியில்தான். இன்று 'கலந்தாய்வு' என்றால் பொறியியல் சேர்க்கை, இல்லாவிட்டால் ஆசிரியர் இடமாறுதல். இடம் ஒதுக்கி வாங்கும் நிகழ்வாகவே அந்தச் சொல் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

'பேச்சுவார்த்தை' என்று சொல்லலாமே எனக் குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார். கூலி உயர்வு, போனஸ் என்று பேரம் பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பேச்சுவார்த்தை. நாம் மொழிபெயர்க்கும் ILO-வின் 144ஆம் உடன்படிக்கை (1976; இந்தியா ஏற்றது 1978) கேட்பது வேறு. பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டுக்கான வினாநிரலுக்கு அரசு என்ன பதில் எழுதப்போகிறது, இதுவரை ஏற்காத உடன்படிக்கைகளை மறுபடி எடுத்துப் பார்க்கலாமா, ஏற்ற ஒன்றிலிருந்து விலகலாமா என்பவற்றில் முடிவெடுக்கும் முன் மற்ற இரு தரப்பையும் கேட்டாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்க வேண்டும். இரு தரப்பும் சரிசமமாக உட்கார வேண்டும். மூவரும் ஒத்துப்போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எல்லோரும் சம்மதித்தால் கடிதம் வழியாகவே நடத்தலாம் என்கிறது கூடவே வந்த 152ஆம் பரிந்துரை. வாய் திறக்காமலே நடக்கக்கூடிய ஒன்றைப் பேச்சுவார்த்தை என்பதா?

ஆக, இந்தச் சொல்லுக்கு உயிரே 'முடிவுக்கு முன்னால்' என்பதுதான். மணலியில் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் நேரத்தை மாற்றினார்கள். அறிவிப்புப் பலகையில் 'தொழிலாளர்களுடன் கலந்தாலோசித்து' என்று ஒட்டியிருந்தது. எங்களைக் கூப்பிட்டதோ மறுநாள். கூட வேலை செய்த பெரியவர் ஒருவர், "எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?" என்றார். நாம் தேடும் கருத்து முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. 'கலந்தாலோசனை'யை நான் ஏற்கத் தயங்குவதும் அந்தப் பலகையால்தான்.

பழந்தமிழில் 'சூழ்தல்' என்றாலே கூடி ஆராய்தல். அருமையான சொல். ஆனால் 'சூழ்ச்சி' கெட்டுப்போன பிறகு அதைத் தொழிலாளர் சட்டத்தில் வைக்க முடியாது.

என் முன்மொழிவு 'முத்தரப்பு உசாவல்'. உசாவுதலில் கேட்பதும் உண்டு, கூடி ஆராய்வதும் உண்டு. முடிவெடுத்துவிட்டு யாரும் உசாவுவதில்லை. நூலகங்களில் 'உசாத்துணை' ஏற்கெனவே புழங்குகிறது. 'உசாவாமல் எடுத்த முடிவு' என்று ஒரு தொழிலாளி மனுவில் எழுதினால் அந்தச் சொல் அவருக்காக வாதாடும்.

புதுச்சொல் தொழிலாளிக்குப் புரியுமா என்று அந்த அம்மா கவலைப்பட்டார். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது 'சங்கம்' என்ற சொல்லே மில் தொழிலாளிக்குப் புதுப்பொருளில்தான் வந்தது. அச்சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மறு ஆண்டே வாஷிங்டனில் நடந்த முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டுக்கு, இந்தியத் தொழிலாளர் பேராளர் என்.எம். ஜோஷியின் ஆலோசகராகப் போனார். அத்தனை தொலைவு போய்வந்த ஊர் இது. தொழிலாளர்களுக்கான நம் துண்டறிக்கையில் முதல் இடத்தில் மட்டும் 'உசாவல், அதாவது முடிவுக்கு முன் ஒரு வார்த்தை கேட்டல்' என்று விரித்து எழுதினால் போதும்.

இன்னொன்று முடிவாகவில்லை. இந்த உசாவலை நடத்தும் குழுவை 'உசாவுக் குழு' என்பதா, 'உசாவற்குழு' என்பதா? முதலாவது வாய்க்கு எளிதாக வருகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து