வன்னியில் உண்ணி எங்கே, எப்போது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து:
எங்களுக்கு மாட்டுப்பட்டி இருக்கிறது. காலபோக விதைப்பு முடிந்ததும் மாடுகளைக் காட்டோரம் கொண்டுபோய் விடுவோம். அறுவடைக்குப் பிறகு திரும்பி வரும்போது காதுமடல், மடி, வாலடி எங்கும் உண்ணி. ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வீசி நிலம் வெடிக்கும்போது தரவை வெளியில் மேயும் மாடுகளில் குறைந்துவிடும். ஆனால் அதே கோடையில், பாலை மர நிழலில் சருகுமேல் படுக்கும் மாடுகளில் குறைவதில்லை.

கால்நடை வைத்தியரிடம் கேட்டேன். வயிறு முட்ட இரத்தம் குடித்த பெண் உண்ணி நிலத்தில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். சுற்றியுள்ள காற்றில் ஈரம் போதாவிட்டால் முட்டை வற்றிப்போகும். பொரித்த குஞ்சு புல்நுனியில் ஏறி மாட்டுக்காகக் காத்திருக்கும். உடம்பு காயத் தொடங்கினால் சருகுக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஈரத்தை வாயால் இழுத்துக்கொண்டு மறுபடி ஏறும். கடும் வறட்சியில் இந்த ஏற்ற இறக்கத்திலேயே அதன் பலம் தீர்ந்துவிடும். சருகும் நிழலும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. எங்கள் கலப்பினப் பசு ஒன்று உண்ணி கொடுத்த நோயில் கோப்பி நிறத்தில் சிறுநீர் கழித்துச் செத்தது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

நெடுங்கேணியிலிருந்து:
அண்ணை, எனக்கு வந்தது வேறு. மீள்குடியேறி, பற்றை மூடிய காணியைத் துப்புரவாக்கினோம். மாரி தொடங்கியிருந்த நேரம். கொஞ்ச நாளில் கடும் காய்ச்சல், தலையிடி. டெங்கு இல்லை என்று வந்தது. பிறகு ஒரு டொக்டர் இடுப்பில் கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். வலியே இல்லாததால் நான் கவனிக்கவில்லை. கடித்தது மாட்டுண்ணி இல்லை, கண்ணுக்குப் பிடிபடாத சிற்றுண்ணியின் குஞ்சு என்றார். டொக்சிசைக்கிளின் மருந்து தந்ததும் காய்ச்சல் விட்டது. மலைநாட்டில் உண்ணி பரப்பும் புள்ளிக்காய்ச்சல் கூடுதலாம், எங்களைப் போன்ற வறண்ட தாழ்நிலத்தில் இந்தச் சிற்றுண்ணிக் காய்ச்சல்தான் கூடுதலாம். பற்றை வெட்டுகிறவர்கள் காய்ச்சலோடு போனால் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கனடா, ஸ்காபரோவிலிருந்து (ஊர் மாங்குளம்):
இங்கே ரூஜ் பூங்காவில் பிள்ளைகளோடு நடந்துவிட்டு வந்தால் கால்களைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டோம். கருங்கால் உண்ணி, லைம் நோயைப் பரப்பும். குளிர் குறையக் குறைய அது தெற்கிலிருந்து கனடாவுக்குள் ஏறி வந்துவிட்டது. பனிக்காலத்தில் செத்துவிடும் என்று நம்ப முடியாது. பனிக்கு அடியில் சருகுக்குள் கிடந்து, 4 பாகைக்கு மேல் சூடு வந்தால் எழும்பிவிடும். இங்கேயும் சருகுதான் அதற்கு வீடு, அண்ணை. கடித்திருந்தால் எரிக்கவோ மண்ணெண்ணெய் பூசவோ வேண்டாம். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள்.

மன்னாரிலிருந்து:
எல்லா உண்ணியும் அப்படி ஈரம் தேடுவதில்லை. நாயுண்ணி வெக்கையையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். எங்கள் வீட்டில் மழையே இல்லாத மாதத்திலும் சுவர் வெடிப்புக்குள் குடியிருந்தது. நாய்க்கு மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, நாய் படுக்கும் சாக்கையும் எரித்த பிறகுதான் குறைந்தது.