கல்லடியில் தேய்ந்தது, மீரிகமவில் தெரிந்தது

கார் வைத்திருக்கும் ஆட்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

வீடு மட்டக்களப்புக் கல்லடியில். காலையில் பிள்ளைகளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், பிறகு வேலைக்குப் போகவேண்டும், இரண்டு மணிக்குத் திரும்ப ஏற்றவேண்டும், பின்னேரம் டியூஷன். ஒவ்வொரு ஓட்டமும் நாலைந்து கிலோமீற்றர். எஞ்சின் சூடேறி ஒழுங்காக ஓடத் தொடங்கும் நேரத்தில் நான் நிறுத்தி இறங்கியிருப்பேன். ஆறு வருடமாக இதே ஓட்டம். மீற்றர் 48,000ஐத்தான் காட்டுகிறது. பார்க்கிறவர்களெல்லாம் "ஓடாத கார்" என்பார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன ஆவணியில் தங்கையைக் கூட்டிவரக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டு வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ள என்று குருநாகல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே மீரிகமவுக்குப் போகும் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினேன். அந்தக் கார் என் கையில் 90ஐத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. ஸ்டியரிங் மெல்ல நடுங்கியது. றோட்டில் ஏதோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின் இடப்பக்கத்திலிருந்து தப் தப் என்று ஒரு சத்தம், அது என்னவென்று நான் யோசித்து முடிக்கவில்லை, டயர் வெடித்தது.

பின் சீட்டில் அம்மா இருந்தா. காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. முன்பொருநாள் ஒரு பழைய பஸ் சாரதி சொன்னது அந்த நேரம் நினைவுக்கு வந்தது: டயர் வெடித்தால் பிரேக்கில் கால் வைக்காதே, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடி, எக்ஸிலேட்டரை மெல்ல விடு. அப்படியே செய்தேன். கார் தானாக வேகம் குறைந்து வந்தது, ஓரத்தில் நிறுத்தினேன். அம்மாவை இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துவிட்டு அதிவேகப் பாதையின் உதவி எண் 1969க்கு அழைத்தேன். கை நடுக்கம் நிற்க நல்ல நேரம் எடுத்தது.

வெடித்த டயரைப் பார்த்தால் பூ, அதாவது றோட்டில் படும் பக்கத்து வெட்டு, நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள். அங்கே 1116 என்று ஓர் எண், 2016ஆம் ஆண்டின் 11ஆவது கிழமையில் செய்தது என்று அர்த்தமாம். ஒன்பது வயது. காரை வாங்கும்போது இருந்த அதே டயர். குறைவாக ஓடியதால் பூ தேயவில்லை, பூ தேயாததால் நான் மாற்றவில்லை. ரப்பர் வெயிலில் கிடந்து காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. காற்றும் குறைவாக இருந்திருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடாகும், வேகம் கூடக் கூட அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைக்காது. கல்லடிப் பாலத்தில் 40இல் போகும்போது அந்த டயர் எனக்கு ஒன்றுமே காட்டவில்லை.

ஊருக்கு வந்ததும் காரை முழுதாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒயில் கறுப்புக் களி. பிரேக் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி. முன் பிரேக் பேட் ஒரு சில்லறைக் காசின் தடிப்பில். மெக்கானிக் அண்ணன் கேட்டார், "5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாத்துறீங்க, சரி, அந்த 5,000ஐ ஓட எத்தனை மணித்தியாலம்?" அன்று இரவு இருந்து கணக்குப் பார்த்தேன். சராசரி 20 வேகத்தில் 250 மணித்தியாலம். நெடுந்தூரம் 80இல் ஓடுகிறவனுக்கு 62 மணித்தியாலம்தான். ஒரே கிலோமீற்றர், ஆனால் என் ஒயில் நாலு மடங்கு நேரம் எஞ்சினுக்குள் வேலை செய்திருக்கிறது. அதிலும் பாதி நேரம் எஞ்சின் சூடேறாமலே, எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலோடு கலந்தபடி.

ஊர் ஓட்டம் காரைத் தின்றிருக்கிறது, அதிவேகப் பாதை அதை எனக்குக் காட்டியிருக்கிறது. இதைத்தான் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்கும் இப்படி ஊருக்குள் தெரியாமல் கிடந்து, நீண்ட ஓட்டத்தில் வெளிவந்தது ஏதும் உண்டா? சின்ன விஷயமானாலும் எழுதுங்கள்.

கல்முனையிலிருந்து, வேன் ஓடுபவர்

அண்ணன், நீங்கள் சொன்னதற்கு என்னிடம் கண்முன் சாட்சி இருக்கிறது. எங்களிடம் இரண்டு வேன், ஒரே மொடல், ஒரே வருடம். ஒன்று கொழும்பு இரவு ஓட்டம், மற்றது பாடசாலைச் சேவை. கொழும்பு வேன் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் தாண்டிவிட்டது, எஞ்சினில் இன்னும் கை வைக்கவில்லை. பாடசாலை வேன் அதில் பாதிகூட ஓடவில்லை, இரண்டாவது கிளச் பிளேட்டும் முடிந்துவிட்டது. பிரேக் பேட் இதற்கு 18,000இல் போகிறது, அதற்கு 50,000க்கு மேல் வருகிறது.

ஒருநாள் பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறேன் என்று எண்ணினேன். 90க்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஓட்டோ குறுக்கே வரும், சைக்கிள்காரர் திரும்பிப் பாராமல் திரும்புவார், பஸ் நடு றோட்டில் நின்று ஆள் ஏற்றும், அறுவடைக் காலமென்றால் நெல் மூட்டையோடு உழவு இயந்திரம் முன்னால் போகும். பாதிக் கிளச்சில் நகர்ந்து நகர்ந்து போவதுதான் பிளேட்டுக்கு எமன். கல்லடியில் 2013இல் புதுப் பாலம் திறக்குமுன் பழைய பாலத்தில் ஒரு பக்கம் போய் முடியும்வரை மற்றப் பக்கம் காத்து நிற்போமே, அந்த நாட்களில் கிளச்சை மிதித்தபடியே நிற்கிற பழக்கம் எங்கள் பல பேருக்கு ஒட்டிக்கொண்டது. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள், அது ஒன்றே போதும்.

ஆனால் வண்டிக்கு நல்லது ஆளுக்கு நல்லது என்று ஆகாது. கொழும்பு ஓட்டத்தில் வேன் தேயவில்லை, நான் தேய்கிறேன். புனானை, வெலிக்கந்தைப் பக்கம் விடியப்புறம் மூன்று மணிக்கு நேர் றோட்டில் ஒரே சத்தத்தில் போகும்போது கண் திறந்திருக்கும், மூளை தூங்கும். ஒரு தடவை ஹபரணைக்குக் கிட்ட யானை றோட்டோரம் நின்றது, எதிரில் ஒரு லொறி வந்ததால் நான் லைட்டைத் தாழ்த்தியிருந்தேன். தாழ்த்திய லைட் ஏறக்குறைய 50 மீற்றர்தான் காட்டும். 70இல் போகிற வண்டி, நான் கண்டு கால் வைக்கும் நேரத்தையும் சேர்த்து, நிற்க 55 மீற்றருக்கு மேல் வேண்டும். அன்று நான் 60இல் போனேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன். எதிர் வாகனம் வந்து லைட்டைத் தாழ்த்தும்போது வேகத்தையும் தாழ்த்துங்கள், தயவுசெய்து.

காத்தான்குடியிலிருந்து

என்னுடையது ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்தது. எங்கள் பிரதான வீதி உங்களுக்குத் தெரியும், பேரீச்சை மரங்களுக்கு இரண்டு பக்கமும் பின்னேரத்தில் வாகனம் ஊர்ந்துதான் போகும், நோன்பு காலத்தில் அசர் தொழுகைக்குப் பிறகு சொல்லவே வேண்டாம். ஹைபிரிட்டுக்கு இந்த ஓட்டம் பெற்றோலில் நல்லது, பிரேக் பேட்டும் லேசில் தேயாது, மோட்டரே வேகத்தை இழுத்துக் குறைத்துப் பற்றரிக்கு அனுப்பிவிடும். அதனால் நான்கு வருடம் பிரேக்கைத் திறந்தே பார்க்கவில்லை. அங்கேதான் பிழை. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறோம், உப்புக் காற்று. பேட் பிடிக்கிற இடமெல்லாம் துருவேறி ஒரு பக்கம் இறுகிப்போய்விட்டது. ஊருக்குள் மோட்டர் நிறுத்தியதால் தெரியவில்லை. தெற்கு அதிவேகப் பாதையில் முன்னால் போன வாகனம் திடீரென்று வேகம் குறைக்க, நான் முழு பலத்தோடு மிதிக்க, கார் ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. அல்ஹம்துலில்லாஹ், இடைவெளி விட்டிருந்தேன்.

இன்னொன்று, பின் சீட்டுப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துளை இருக்கும். அதில் புடவைக் கடைப் பையையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் சாத்தி வைக்காதீர்கள். உள்ளே இருக்கிற வலையைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். எங்கள் ஊர் வெயிலில் பற்றரி சூடாவதற்கு அதிவேகப் பாதை தேவையில்லை, நெரிசலில் நின்றாலே போதும்.

சம்மாந்துறையிலிருந்து, கராஜ் வேலை செய்பவர்

சூடு காட்டும் முள்ளை யாருமே பார்ப்பதில்லை, அதைப் பற்றி எழுதுகிறேன். கார் ஓடும்போது முன்னால் வருகிற காற்றே ரேடியேட்டரைக் குளிராக்கும். நின்று நின்று போகும்போது மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்யவேண்டும். ஆகவே நெரிசலில் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் விசிறியைப் பாருங்கள். ஊருக்குள் சரியாக இருந்து, வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணிப் பம்ப் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். இதைத் தெரிந்து வந்து சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

நிந்தவூர்த் தம்பி ஒருவர் கல்முனைச் சந்தியில் முள் ஏறுவதைக் கண்டிருக்கிறார். சந்தியைத் தாண்டியதும் இறங்கிவிடும், அதனால் பெரிதாக எடுக்கவில்லை. அதே வாரம் குடும்பத்தோடு மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு. பதினெட்டு வளைவு என்கிற மலைப் பாதையில் ஏறும்போது வேகம் 20, எஞ்சினுக்கோ முழுப் பாரம், ஏசியும் போட்டிருந்தார். விசிறி சுற்றவில்லை. பாதி வளைவில் வெள்ளைப் புகை. எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்குக் கீழே இருக்கிற கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்து, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். விசிறி மோட்டரை மட்டும் முள் ஏறியதைக் கண்டதுமே மாற்றியிருந்தால் செலவு அதில் சிறு துண்டு.

இறங்கும்போது இன்னொரு ஆபத்து. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ஒயில் என்றால் கொதிக்கும் சூடு குறைந்துவிடும், வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டு இறங்கினால் உள்ளே ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரிப் போய்விடும். ஊருக்குள் அந்தச் சூடு வராது, அதனால் ஒயில் பழசு என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள், மலை இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள்.

திருக்கோவிலிலிருந்து

நான் ஒரு ஆசிரியை, 660 சிசி சின்னக் கார். நாங்கள் கொழும்புக்குச் சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய போய் மத்தளையில் அதிவேகப் பாதை ஏறுகிறோம். 100 போகலாம் என்று பலகை சொல்கிறது என்பதற்காக முதல் தடவை 100இல் போனேன். எஞ்சின் அலறியது, பஸ் கடந்து போகும்போது காற்று காரைத் தள்ளியது. இப்போது இடப்பக்க வரிசையில் 80. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 70இலிருந்து 100க்குப் போனால் இரண்டு மடங்கு. பெற்றோலும் மிச்சம், பயமும் இல்லை.

எனக்கு நடந்த பயங்கரம் பாதையை விட்டு இறங்கிய பிறகுதான். இரண்டு மணித்தியாலம் ஒரே வேகத்தில் போய்ச் சாதாரண றோட்டில் இறங்கியபோது 70 எனக்கு 40 மாதிரி இருந்தது. ஒரு கடைத்தெருவுக்குள் அந்த வேகத்திலேயே நுழைந்திருக்கிறேன். ஒரு சின்னப்பிள்ளை, கையில் பாண் பையோடு, றோட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்பப் பின்னுக்குப் போனது. நான் நின்றபோது அந்தப் பிள்ளையைத் தாண்டியிருந்தேன். இன்றுவரை அந்தப் பை கண்ணில் நிற்கிறது. இப்போது இறங்கியதும் நிறுத்தி, ஒரு தேநீர் குடித்து, மீற்றரைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன், உணர்வை நம்புவதில்லை.

பெல்ட் பற்றியும் சொல்லவேண்டும், ஊருக்குள்தானே என்று பின் சீட்டில் பிள்ளைகளை எழுந்து நிற்க விடுகிறோம். 40இல் மோதுவது ஆறு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 100இல் மோதுவது கிட்டத்தட்ட 39 மீற்றர், ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திய இரண்டு தென்னை. வகுப்பில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினேன், பிள்ளைகள் வீட்டில் போய் அப்பாமாரிடம் சண்டை பிடித்தார்களாம்.

அக்கரைப்பற்றிலிருந்து

நல்ல பதிவு. 2022 பெற்றோல் வரிசையில் பத்தடிக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி என் பற்றரி செத்தது, பிறகு எல்லோரையும் போலத் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு கேள்வி: டயர் நாலையும் மாற்றினீர்களா? ஸ்பெயார் வீலைப் பார்த்தீர்களா?

கல்லடியிலிருந்து, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. கல்முனைத் தம்பி, லைட்டைத் தாழ்த்தினால் வேகத்தையும் தாழ்த்து என்றதை அப்படியே என் மச்சானுக்கு அனுப்பினேன், அவர் வாரம் ஒருதரம் கொழும்பு போகிறவர். இப்போது நான் ஒயிலைக் கிலோமீற்றர் பார்த்து மாற்றுவதில்லை, ஆறு மாதம் என்று கலண்டரில் குறித்திருக்கிறேன். ஞாயிறு காலையில் ஊறணி தாண்டிச் செங்கலடி வரைக்கும் ஒரு ஓட்டம், எஞ்சின் ஒழுங்காகச் சூடேறட்டும் என்று. டயருக்குக் காற்று விடிந்ததும், ஓடி டயர் சூடாகுமுன் பார்க்கிறேன்.

அக்கரைப்பற்று அண்ணன் கேட்ட பிறகுதான் போய் டிக்கியைத் திறந்தேன். நாலு டயரும் புதிது மாற்றியிருந்தேன், ஸ்பெயார் வீலை மெக்கானிக் திரும்ப அதன் இடத்தில் வைத்திருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். அதிலும் 1116. அன்று வெடித்த டயரைக் கழற்றிவிட்டு அதே வயது டயரைப் பூட்டி, மற்ற மூன்றும் அதே வயதாக இருக்க, அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவிலிருந்து கல்லடி வரைக்கும் இரவில் வந்திருக்கிறேன். நாளைக் காலையில் கடை திறந்ததும் அதை மாற்றப் போகிறேன்.