உப்புத் தண்ணீர் நீச்சல் குளத்தில் அருவி வைக்க எந்த உலோகம் தாங்கும்?

மாந்தோப்பு (கேள்வி)

அழகர்கோவில் அடிவாரத்தில் எங்கள் மாந்தோப்புக்குள் சின்னதாக ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருக்கிறோம். நீச்சல் குளம் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். குளோரின் பவுடர் வேண்டாம் என்று, தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்தே குளோரின் எடுக்கும் உப்பு குளோரினேட்டர் போட முடிவாகிவிட்டது.

ஒரு பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் விழ வேண்டும். நடுவில் 4 அடி அகலத்துக்குத் தகட்டு அருவி, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு கோமுகி (கோவிலில் தண்ணீர் விழும் பசுமுக வாய்). அழகர்மலைத் தீர்த்தமான நூபுர கங்கையில் நனைந்து வளர்ந்த குடும்பம், அதனால் இந்த ஆசை. குளம் கட்டுபவர், "304 எஸ்எஸ் (எவர்சில்வரில் ஒரு ரகம்) போதும், ஹோட்டல் அடுப்படி எல்லாம் அதுதானே" என்கிறார். அப்பாவுக்குப் பித்தளையில் கோமுகி வார்க்க வேண்டும். கூரை போட்ட பக்கத்தில், தலைக்கு மேல் மழை போலக் கொட்டும் தொட்டி ஒன்றை எஸ்எஸ் ராடில் தொங்கவிடலாம் என்றும் பேச்சு ஓடுகிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஒருமுறை செலவு செய்தால் பத்து வருஷமாவது நிற்க வேண்டும்.

கப்பலூர் பட்டறை

தம்பி, எஸ்எஸ் வேலைதான் எனக்குத் தொழில். முதலில் உப்புக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் குளம் 52,000 லிட்டர். லிட்டருக்கு 3.5 கிராம் என்றால் 182 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டை நாலுக்குக் கொஞ்சம் குறைவு. கடலில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கிறது, இது அதில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் எஸ்எஸ்ஸை அரிப்பது உப்பில் இருக்கும் குளோரைடு. 3.5 கிராம் உப்பில் சுமார் 2,100 மில்லிகிராம் குளோரைடு வந்துவிடும். உங்கள் போர் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பது தனி.

இண்டு இடுக்கு உள்ள இடத்தில் 304 தாங்குவது லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் குளோரைடு வரை. அதற்கு மேல் ரகமான 316 சுமார் 1,000 வரை, இன்னும் உயர்ந்த டூப்ளெக்ஸ் 2205 ரகம் சுமார் 3,600 வரை. தொழிலில் நாங்கள் கைக்கொள்ளும் அளவு இதுதான். அடுப்படிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். குளத்து அருவியை யார் கழுவுகிறார்கள்? ஆகவே 304 வேண்டவே வேண்டாம். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது, அதுதான் அதன் பலம். ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி 316-ஐயும் இடுக்கு வைத்துச் செய்தால் அரிக்கும்.

பழுதென்று பட்டறைக்கு வரும் அருவிகளில் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் விழும் உதட்டின் அடிப்பக்கம். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். திருப்பினால், தகட்டை மடித்து அங்கங்கே புள்ளி வெல்டு வைத்த இடத்தில் காப்பிக் கறை போல ஒரு கோடு. ஊசியால் குத்தினால் உள்ளே குழி. மோட்டார் நின்றதும் அந்த மடிப்பில் தங்கும் நீர் சித்திரை வெயிலில் வற்றி வற்றி உப்பு கெட்டிப்படுகிறது. அந்த இடத்துக்கு லிட்டருக்கு 3.5 கிராம் என்ற கணக்கெல்லாம் பொருந்தாது.

அதனால் அருவியை 316எல் தகட்டில் செய்யுங்கள், மடிப்பே இல்லாமல். 'எல்' என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்குள், வெல்டு பக்கத்தில் அரிப்பு குறையும். முழு நீளத்துக்கும் ஆர்கான் வெல்டிங், ஃபில்லர் ராடும் 316எல். வெல்டு ஓரத்தில் ஏறும் நீல நிறத்தைப் பிக்கிளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு எடுத்தே ஆக வேண்டும் (கையுறை, முகக் கவசம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது). மோட்டார் நின்றால் ஒரு சொட்டும் தேங்காதபடி வாட்டம். எல்லாவற்றையும்விட முக்கியம்: இரும்பு கிரில், கேட் வேலை நடக்கும் மேடையில் இதைச் செய்ய விடாதீர்கள். அந்தக் கிரைண்டிங் தூள் ஒட்டினால் நல்ல 316-இலும் ஒரு மழைக்குத் துரு தெரியும். டிஸ்க், பிரஷ் எல்லாம் எஸ்எஸ்ஸுக்குத் தனி.

பித்தளை வேண்டாம் என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். செம்பில் செய்தாலும் தண்ணீரில் பிஎச் இறங்கி அமிலத்தன்மை கூடும்போதெல்லாம் கரையும். குளத்துச் சுவரில் நீலப்பச்சைக் கறை, நரைமுடியில் பச்சை. கோமுகியைக் கருங்கல்லில் செதுக்கச் சொல்லி, உள்ளே பிவிசி குழாய் விடுங்கள். குளோரைடு கருங்கல்லை எஸ்எஸ் மாதிரி அரிக்காது, கோவிலில் இருக்கும் அதே லட்சணமும் வரும்.

தொங்கும் தொட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். 1985-இல் சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் செத்தார்கள். அதைத் தாங்கியவை எஸ்எஸ் ராடுகள். பாரம் இழுத்துக்கொண்டே இருக்க, குளத்துக் காற்றின் குளோரைடு படிந்து உள்ளுக்குள் விரிசல் ஓடிவிட்டது. திறந்த வெளி என்றால் மழை கழுவும். கூரைக்கு அடியில் எதுவும் கழுவாது. வெளியே பளபளவென்று இருக்கும்போதே அறும்.

நாகமலை பூல் சர்வீஸ்

பட்டறை அண்ணன் சொன்னதில் பராமரிப்புப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். அருவி வைத்த குளத்தில் பிஎச் ஏறிக்கொண்டே போகும். விழுகிற தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுவது ஒரு காரணம், உப்பு குளோரினேட்டரே பிஎச்சை ஏற்றுவது இன்னொன்று. நம்ம பக்கம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேட்கவே வேண்டாம்: உதட்டில் வெள்ளைப் பொருக்கு கட்டும். பொருக்குக்கு அடியிலும் அண்ணன் சொன்ன அதே அரிப்புதான். பிஎச்சை 7.2 முதல் 7.6-க்குள் வையுங்கள்.

பொருக்கை எடுக்க பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவது இங்கே வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், 316-ஐயும் தின்னும். சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துத் துணியில் நனைத்துப் போட்டு, ஊறியதும் மெதுவாகத் தேயுங்கள். இரும்பு நார் கூடாது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் நல்ல தண்ணீர் அடித்துத் துடைத்துவிட்டால் 316எல் நன்றாகவே நிற்கும். 2205-க்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று: அருவித் தகடு, ஏணி, விளக்குச் சட்டம் என்று குளத்தைச் சுற்றி உள்ள உலோகம் அத்தனையையும் செம்புக் கம்பியால் இணைத்து எர்த் செய்யுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். அரிப்பைவிட இது உயிர் விஷயம்.

மாந்தோப்பு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தொங்கும் தொட்டியை இன்றைக்கே வரைபடத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். கல் கோமுகிக்கு அப்பா முகத்திலேயே சம்மதம் தெரிகிறது. ஒரு சந்தேகம் அண்ணே: கடையில் 316 என்று கொடுப்பது 316தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

கப்பலூர் பட்டறை

காந்தம் உதவாது தம்பி. மலிவு ரகமான 202, அப்புறம் 304, 316 மூன்றுமே ஒட்டாது. மடித்த ஓரத்தில் லேசாக இழுக்கலாம், அதற்கும் ரகத்துக்கும் சம்பந்தமில்லை. 2205 நன்றாக ஒட்டும். அதைப் பார்த்து மட்ட ரகம் என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

மாலிப்டினம் சோதனைத் திரவம் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். தகட்டைத் துடைத்து ஒரு சொட்டு விட்டு, கூடவே வரும் பேட்டரி முனையைச் சில விநாடி வைத்தால் சொட்டின் நிறம் மாறும். 316 என்று உறுதியாகத் தெரிந்த துண்டு ஒன்றில் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள். தகடு செய்த ஆலை தரும் மில் சர்டிபிகேட் கேளுங்கள், அதிலிருக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) தகட்டில் அச்சடித்த நம்பரோடு ஒத்துப்போக வேண்டும்.

நாகமலைத் தம்பி 2205 பற்றிச் சொன்னது தகட்டுக்குச் சரி. ஆனால் சுவருக்குள் புதையும் நங்கூர போல்ட்டைத் துடைக்கவும் முடியாது, கண்ணாலும் பார்க்க முடியாது. அதை மட்டும் 2205-இல் போடுங்கள், எடை கொஞ்சம்தான். சோதனையெல்லாம் தகட்டை வெட்டுவதற்கு முன்னால் முடியட்டும். வெட்டிய தகட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.