மழைக்காலத்தில் நிரம்பும் கழிவறைக் குழி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வயலை ஒட்டிய தெரு. தூய்மை பாரதத் திட்டத்தில் கிடைத்த 12,000 ரூபாயோடு கைக்காசும் போட்டுக் கழிவறை கட்டினோம். குழி ஒன்றுதான். கொத்தனார் உறை இறக்கி மூடிவிட்டுப் போய்விட்டார். இரண்டு குழி வெட்டி, ஒன்று நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிட்டால், நிரம்பியது ஒன்றரை, இரண்டு வருடத்தில் மக்கி எருவாகும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

ஐப்பசி பிறந்தால் வினை. நாலடி தோண்டினாலே தண்ணீர். குழி ததும்பி, ஊற்றுவது கோப்பையிலேயே நிற்கிறது. அம்மா விடியுமுன் டார்ச்சோடு வாய்க்கால் கரைக்குப் போகிறார்; அதற்காகவே ராத்திரி தண்ணீர் குடிப்பதில்லை. போன மழையில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. (கட்டி முடித்ததும் திட்டத்துக்காரர்கள் படம் எடுத்துப் போனார்கள். அது சித்திரை மாதம்!)

திருச்சி பக்கம் முசிறியில், சிறுநீரைத் தனியாகப் பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவும் ஈக்கோசான் கழிவறைகள் உண்டு. மலம் சேரும் அறை தரைக்கு மேலேயே இருப்பதால் எங்கள் மண்ணுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. வீட்டில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? வாடை வருமா? முட்டிவலிக்காரர் படியேற முடியுமா? கழுவும் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? எங்கள் அடிபம்பு 25 அடி தூரத்தில்தான் இருக்கிறது, அழுக்கு அதில் கலந்துவிடுமோ என்ற பயமும் உண்டு.

செலவு எவ்வளவு, கட்டத் தெரிந்த கொத்தனார் இந்தப் பக்கம் உண்டா என்றும் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் மட்டும் வேண்டாம். உறிஞ்சும் லாரி எங்கள் சந்தில் நுழையாது. புரட்டாசிக்குள் வேலையை முடிக்க வேண்டும்.